குடை பிடித்தல்

ரித்தீசின் இடது முட்டியில் முதல் அடி விழுந்தபோது ராணி டாக்கீஸ் வாசலில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. அதனால் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. டிக்கெட் கவுண்டர் படியில் நின்ற யோகலட்சுமிக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்த்தாள். கட்-அவுட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளில் ஒன்றை உருவி, இரண்டு கையாலும் ஓங்கிப் பின்னாலிருந்து போட்டவன் அவளுடைய தம்பி பால்பாண்டி.

ரித்தீசு கிழக்கு ரசிகர் மன்றத்துப் பையன். முதல் காட்சிக்காக முகமெல்லாம் மஞ்சள் பொடி பூசியிருந்தான். யார் அடித்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் இன்னொரு கம்பு அடுத்த முட்டியில் இறங்கியது. அப்புறம் கணக்கே இல்லை. மேற்கு மன்றத்துப் பயல்கள் வட்டமாக நின்று சாத்தினார்கள். கம்பு முறிந்தவன் இன்னொன்றை உருவ ஓடினான். நடிகர் மகிழ்வேந்தனின் முட்டு இழந்த கட்-அவுட் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததைக்கூட ஒருத்தனும் கவனிக்கவில்லை. தலைவனுக்காக உயிரைக் கொடுப்போம் என்று தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம், தலைவன் தலைமேல் விழுந்தாலும் நிமிர்ந்து பார்க்காது.

யாரோ ஒருவன் தலையில் போட்டான். ரித்தீசு சாக்கடை ஓரம் சரிந்தான். பால்பாண்டி கம்பைக் கீழே எறிந்துவிட்டு, முதுகில் செருகியிருந்த கறுப்புக் குடையை எடுத்து விரித்து, கிடந்தவன் மேல் பிடித்தான். கூட்டம் விசிலடித்தது. சுள்ளென்ற வெயில், வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது முறை. ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் ரித்தீசு போய்ச் சேர்ந்திருந்தான்.

அந்தக் குடைக்கு ஒரு கதை உண்டு. மகிழ்வேந்தனின் பழைய படம் ஒன்றில் கொட்டுகிற மழையில் ஒரு சண்டை. வில்லனின் இரண்டு முட்டியையும் உடைத்துப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நனையாமல் குடை பிடித்து நிற்பான் நாயகன். வசனம் கிடையாது. அந்தக் காட்சி ஊரையே ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு, பேனரில் யார் பெயர் மேலே வருவது என்கிற வழக்கமான தகராறில் கரடிப்பேட்டை மன்றம் இரண்டாக உடைந்தது. தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.

சொல் மட்டும் இரண்டு பக்கமும் போனது. கிழக்கே ஒருவருக்குக் குடை பிடிப்பது என்றால் மதிப்போடு கூட நின்று அழைத்து வருவது. வயதான ரசிகர் யாராவது படத்துக்கு வந்தால் பையன்கள் நிஜமாகவே குடையோடு போய்க் கூட்டி வருவார்கள். மேற்கே குடை என்றால் முட்டி. கிழக்கு காட்சியின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டது, மேற்கு முன்பாதியை.

மேற்கில் அந்தச் சொல்லை முதலில் ஓடவிட்டவள் யோகலட்சுமி என்கிற யோகாதான். கல்லூரியில் படிக்கும்போது விளையாட்டாக மன்றக் குரூப்பில் எழுதிய ஒரு வரி. என்ன எழுதினாள் என்று அவளுக்கே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. அதற்குக் கீழே குவிந்த இதயக் குறிகள் மட்டும் ஞாபகம் இருந்தன. அந்தப் பெருமையில்தான் மன்றம் அவளை, மன்றத்துச் சொற்களுக்குப் போலீசில் அர்த்தம் பதிகிற சொல் பொறுப்பாளராக்கியது. மற்றபடி அவள் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருப்பவள். அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனைத் தவிர அவளுக்கு நாதி கிடையாது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா இரண்டு மன்றத்துச் சொல் பொறுப்பாளர்களையும் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார வைத்தார். கிழக்கின் பொறுப்பாளர் திலகராஜ், ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். செத்துப்போன ரித்தீசுக்குத் தாய்மாமன். மயானத்திலிருந்து நேராக வந்த மாதிரி இருந்தது அவர் சட்டை.

"செவி வந்த புதுசுல நடந்த கூத்து ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்," என்றார் ஜெசிந்தா. செவி என்பது மன்றக் குரூப்புகளை எல்லாம் போலீசுக்காக இரவும் பகலும் படிக்கிற இயந்திரம். "‘தலைவன் கொன்னுட்டான்யா’ன்னு எழுதுனவன் பூராப் பேரையும் அள்ளிட்டு வந்து ஸ்டேசன்ல உக்கார வச்சோம். பாத்தா, படம் நல்லாருக்குன்னு எழுதிருக்காய்ங்க. ஊரே சிரிச்சுச்சு. அதுக்கப்பறம்தான், ரசிகன் பேச்சுக்கு ரசிகனே அர்த்தம் சொல்லட்டும்னு சட்டம் போட்டாய்ங்க. நீங்க சொல்ற அர்த்தத்தைத்தான் செவி நம்பும். சிவப்புன்னா எங்க வண்டி கெளம்பும். பச்சைன்னா கெளம்பாது."

யோகா தலையாட்டினாள்.

"கிழக்குல குடைக்கு எப்பவோ அர்த்தம் பதிஞ்சிட்டாங்க. நீங்க ஏம்மா பதியல?"

"நேரம் கெடைக்கல மேடம்."

"நேரம் கெடைக்கல." இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். மேற்கில் வேண்டுமென்றேதான் பதியாமல் விட்டிருந்தார்கள் என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். "உங்க தம்பி படம் வந்ததுக்கு முந்துன நாள் குரூப்ல எழுதிருக்கான், ‘நாளைக்கு ரித்தீசுக்குக் குடை பிடிக்கிறோம்’னு. செவி கிழக்கு அர்த்தத்தை வச்சுப் பாத்துப் பச்சைன்னுச்சு. நாங்க டீ குடிச்சிட்டு இருந்தோம்."

திலகராஜ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு பேரும் சேந்து ஒரே அர்த்தம் வைக்கணும். ஒரு ஊருக்கு ஒரு சொல்லு, ஒரு அர்த்தம். எழுதுனது மேற்கு குரூப்புல. அதனால நீங்க முதல்ல சொல்லணும், இவரு ஒத்துக்கணும். ரெண்டு பேரும் பெருவிரல் வச்சாத்தான் செல்லும். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் மாத்த முடியும். சிவப்புன்னு வச்சா பழைய மெசேஜ் எல்லாத்துக்கும் செல்லும், மொத மெசேஜ் வரைக்கும். அப்ப இது திட்டம் போட்ட கொலை. பச்சைன்னா, ஏதோ தள்ளுமுள்ளுல ஒரு பையன் செத்துப்போனான். காமெரா இருக்கு, உங்க தலைவர் கட்-அவுட்டு அதுமேலதான் சாஞ்சு கெடந்துச்சு. யோசிச்சு நாளைக்கு வாங்க."

யோகா வீட்டுக்கு வந்தபோது பால்பாண்டி சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் சவுக்குக் கம்பின் சிராய்ப்பு அப்படியே இருந்தது.

"அக்கா, நான் முட்டியிலதான் போட்டேன். சத்தியமா. தலையில எவன் போட்டான்னு தெரியலக்கா."

"கொல்லணும்னு இல்லைல்ல?"

"குடை புடிக்கணும்னுதான்க்கா. எப்பவும் மாதிரி. அவன் நம்ம பேனரைக் கிழிச்சான்ல?"

எப்பவும் மாதிரி. கரடிப்பேட்டைக் கடைத்தெருவில் காலை இழுத்து இழுத்து நடக்கிற நாலைந்து பேரை யோகாவுக்குத் தெரியும். அவர்களைப் பற்றி அவள் என்றைக்கும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் யோசித்ததில்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை. ஜெயில் கம்பிக்குப் பின்னால் இவன் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"சாப்பிடு," என்றாள். "நான் பாத்துக்குறேன்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னால் கண்ணாடித் தகட்டில் பெருவிரலை வைத்துக்கொண்டு யோகா சொன்னாள்: "குடை பிடித்தல்னா ஒருத்தரை மதிச்சுக் கூட நின்னு அழைச்சிட்டு வர்றது. மேற்கிலயும் அதான் அர்த்தம்."

ஜெசிந்தா அவளை வெறித்துப் பார்த்தார். திலகராஜ் அன்றைக்குத்தான் முதல்முறை வாயைத் திறந்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா தாயி? அவனை அந்த அர்த்தத்துலதான் அழைச்சாங்களா?"

யோகா விரலை எடுக்கவில்லை. "ஆமாண்ணே."

"சரி. அப்ப நாங்களும் அதுக்கே கட்டுப்படுறோம்," என்று அவர் பெருவிரலை வைத்தார். எழுந்து போகும்போது அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார். அந்த அமைதியைப் பார்த்து யோகா நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். மனுசன் பெரிய மனசுக்காரர் என்றுகூட நினைத்தாள். அவளுக்கு அவ்வளவுதான் புரிந்தது.

கேஸ் பிசுபிசுத்துப் போனது. மேற்கு மன்றம் யோகாவுக்குச் சால்வை போட்டது. பால்பாண்டி பழையபடி கடை வேலைக்கு வந்தான். ஃபிளெக்ஸ் கட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். குடையை மட்டும் அவன் அதற்குப் பிறகு தொடவில்லை. மழை பெய்தால் நனைந்துகொண்டே வந்தான்.

ஆடி மாதம் ஒரு நாள், அவன் பஸ் ஸ்டாண்டில் நகைக்கடை விளம்பரம் கட்டப் போயிருந்தான். யோகா கடையில் அச்சு இயந்திரத்துக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத்தில் இருக்கிற சொல் எந்தக் குரூப்பில் வந்தாலும் இரண்டு பொறுப்பாளர்களுக்கும் செவி தகவல் அனுப்பும். ஃபோன் கிணுங்கியது. கிழக்கு மன்றம். எழுதியவர் திலகராஜ்.

"பால்பாண்டிக்குக் குடை பிடிக்கிறோம். பஸ் ஸ்டாண்டு. இப்பவே. எல்லாரும் குடையோட வாங்க."

பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு.

மை பாட்டில் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் சிவப்பாக ஓடியது. யோகா தம்பிக்கு ஃபோன் அடித்தாள். ஏணி மேல் நிற்கிறவன் எடுக்கவில்லை. போலீசுக்கு அடித்தாள். மன்றத்து நம்பர் என்பதால் செவியே எடுத்தது.

"என் தம்பிக்குக் குடை பிடிக்கப் போறாய்ங்க! வண்டிய அனுப்புங்க!"

"மதித்து அழைத்து வருதல்," என்றது செவியின் சாந்தமான குரல். "பதிந்தவர் யோகலட்சுமி. அபாயம் இல்லை."

"அய்யோ, அது பொய்! அவனைக் கொல்லப் போறாய்ங்க! கொன்னுருவாய்ங்க!"

செவி தேடியது. கொல்லுதலுக்கும் மேற்கு மன்றத்தில் ஒரு அர்த்தம் பதிவாகியிருந்தது. அதையும் பதிந்தவள் அவளேதான்.

"சிறப்பான கொண்டாட்டம். அபாயம் இல்லை," என்றது செவி.

யோகா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ஓடுகிற வழியில் ஜெசிந்தாவின் நம்பருக்கு அடித்து, மூச்சு வாங்க, "மேடம், நான் பொய் சொல்லிட்டேன்" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. ஆனால் இரண்டு பெருவிரலும் இல்லாமல் வண்டி கிளம்பாது.

பஸ் ஸ்டாண்டில் ஏணி சாய்ந்து கிடந்தது. பாதி கட்டிய ஃபிளெக்ஸ் காற்றில் படபடத்தது. அதற்குக் கீழே கறுப்புக் குடைகள் வட்டமாக, விளிம்போடு விளிம்பு முட்டிக்கொண்டு விரிந்திருந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் ஏதோ மன்ற விழா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். யோகாவுக்குக் கேட்டது. இந்த முறை சரவெடி இல்லாததால் நன்றாகவே கேட்டது. கட்டை சதையில் விழுகிற சத்தம், எலும்பில் விழுகிற சத்தம், அப்புறம் அவன் "அக்கா" என்று கத்திய சத்தம். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தாள். முதுகுகள் வழிவிடவில்லை. ஒரு முதுகைக் கடித்தாள். யாரோ அவளைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள், அடிக்கவில்லை.

குடைகள் விலகியபோது பால்பாண்டி மல்லாந்து கிடந்தான். மூச்சு இருந்தது. முட்டிக்குக் கீழே இரண்டு காலும் போகக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தன. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அவன் முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார் திலகராஜ். அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

"தலையில ஒருத்தனும் தொடல தாயி," என்றார். "நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டேன்."

யோகா அவர் நெஞ்சில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். அவர் நகரவில்லை. குடையும் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று இருந்தும் இல்லாத மாதிரிதான். பேச்சு வந்ததும் பால்பாண்டி முதலில் சொன்னது, "அர்த்தத்தை மாத்திராதக்கா" என்பதுதான்.

"அவய்ங்களைச் சும்மா விடச் சொல்றியாடா?"

"இதைச் சிவப்புன்னு வச்சா நான் எழுதுனதும் சிவப்புதான்க்கா. நானும் உள்ள போவேன். இந்தக் காலை வச்சிக்கிட்டு ஜெயில்ல என்னக்கா பண்ணுவேன்?"

அவன் சொன்னது நியாயம்தான். அவள் அவன் காலில்லாத பக்கத்துப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பல நாளாக மனசில் கிடந்த ஒரு கேள்வி, கேட்காமலேயே போய்விடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்த கேள்வி, அப்போது வெளியே வந்தது.

"நீ குடைய விரிச்சப்ப ரித்தீசு உசுரோட இருந்தானாடா?"

பால்பாண்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இருந்தான்க்கா. தண்ணி கேட்டான்."

"நீ என்ன பண்ண?"

"எல்லாரும் விசிலடிச்சாய்ங்க. புடிச்சுக்கிட்டே நின்னேன்."

தான் வளர்த்த பிள்ளை. தான் ஊட்டிவிட்ட வாய். அவனைக் கட்டிக்கொண்டு அழவும் முடியாமல், அறையவும் முடியாமல், யோகா எழுந்து வெளியே வந்தாள்.

ஐஸ் கம்பெனியில் திலகராஜ் உமி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டினார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

"மாத்தணும்ண்ணே. உங்க விரலும் வேணும்."

"தெரியும். அன்னிலருந்து இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"உங்களையும் உள்ள வைப்பாங்க."

"வைக்கட்டும்." அவர் ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை வேலைக்காரர் கையில் கொடுத்தார். "அன்னிக்கே நீ உண்மையைச் சொல்லிருந்தா உன் தம்பி ஜெயிலுக்குப் போயிருப்பான், நடந்து போயிருப்பான். எனக்கும் கை சுத்தமா இருந்திருக்கும். உன் அர்த்தத்தை வச்சே உன்னைப் பேச வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழி தெரியல தாயி. அது தப்புதான். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்கள். இடையில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஒதுங்கவில்லை.

ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல் கண்ணாடித் தகட்டை நகர்த்தி வைத்தார். திலகராஜ் முதலில் விரலை வைத்தார். யோகா அர்த்தத்தைத் தன் வாயால் சொன்னாள்.

"குடை பிடித்தல்னா ஒருத்தனை முட்டிய ஒடைச்சுப் போடுறது. போட்டுட்டு, அவன் தண்ணி கேட்டாலும் குடுக்காம, எல்லாரும் பாக்கப் பக்கத்துல நிக்கிறது."

விரலை அழுத்தினாள்.

சுவரில் இருந்த பெரிய திரையில் அந்தச் சொல் வந்த மெசேஜ்கள் எல்லாம் புதிதிலிருந்து பழசுக்கு ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கின. முதலில் திலகராஜின் வரி சிவந்தது. அடுத்து பால்பாண்டியின் வரி. யோகா கண்ணை மூடித் திறந்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள். திரை நிற்கவில்லை. காய்கறிக் கடை பொன்னையனுக்குக் குடை. மினிபஸ் கண்டக்டர் லோகுவுக்குக் குடை. கடைத்தெருவில் காலை இழுத்து நடக்கிற ஒவ்வொருவரும் பெயரோடு சிவந்துகொண்டே போனார்கள். ஊருக்கு வெளியே பாலத்தடியில் லாரி மோதிச் செத்ததாக அவள் நம்பியிருந்த ஒருவன் பெயரும் வந்து போனது. வருடங்கள் பின்னால் ஓடின. எழுதிய பையன்களின் புகைப்படங்கள் இளசாகிக்கொண்டே போயின.

கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் அந்த ஊரில் யாரும் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் இரட்டைச் சடையோடு சிரிக்கிற ஒரு கல்லூரிப் பெண்ணின் படம்.

"கிழக்குக்காரன் எவனாச்சும் வாலாட்டுனா முட்டிய ஒடைச்சுக் குடை புடிச்சு அனுப்புங்கடா பாப்போம்! அதுக்கெல்லாம் நம்ம பயலுகளுக்கு எங்க தைரியம்?"

கீழே இதயம் இதயமாகக் குவிந்திருந்தது. முதல் இதயம் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பால்பாண்டி போட்டது. வரி சிவந்தது. திரை நின்றது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா எழுந்து, திலகராஜுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களும் உக்காருங்கம்மா," என்றார்.